ஆயில் சரியாகக் கலந்தும் பிடித்துக்கொண்ட பிரஷ் கட்டர்: ஒரு தென்னந்தோப்பு நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பு. தென்மேற்குப் பருவமழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த ஆடி மாதம், மரத்தடியில் எல்லாம் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்து கிடந்தது. முதுகில் மாட்டிப் புல் வெட்டுகிற டூ-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வேலைக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நல்ல கம்பெனி மெஷின், நாற்பது சிசி, வாங்கி இரண்டு வருடம் முடியவில்லை. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. தோட்டத்துக்காரர் அதை என் பட்டறைக்குக் கொண்டு வரும்போதே காரணத்தையும் முடிவு செய்துகொண்டுதான் வந்தார். "ஆயில் டூப்ளிகேட்டுங்க. லிட்டருக்கு இருபது மில்லி பத்தாது, நம்ம ஊரு சூட்டுக்கு நாப்பது ஊத்தோணும்னு இன்னொரு மெக்கானிக் சொன்னாருங்க."

டூ-ஸ்ட்ரோக் மெஷின் பிடித்துக்கொண்டால் எல்லோரும் முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான். சில சமயம் உண்மையாகவும் இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. ஆயில் அசல், அளவும் சரி, ஆனால் கலந்த ஆயில் இன்ஜினுக்குள் போய்ச் சேரவில்லை. மழைக்காலத்தில் இப்போது இது அடிக்கடி வருகிறது, ஆயில் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த பிஸ்டனையும் அதே மாதிரி கெடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்த ஒரு மெஷினில் என்ன பார்த்தோம், எதை எல்லாம் விலக்கினோம், பிறகு அந்தத் தோட்டத்துக்கு எந்த ஆயில், எந்த அளவு, எந்த பெட்ரோல் என்று எப்படி முடிவு செய்தோம் என்பதை முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஓட்டின பையனிடம் பேசியது. "ஆயில் ஊத்துனயா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஊற்றினேன் என்றுதான் சொல்வார்கள், அந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை. நிற்பதற்கு முன்னால் மெஷின் எப்படி இருந்தது என்று கேட்டேன். "காலைல நல்லா ஓடுச்சுங்ணா. சாப்டுட்டு வந்து எடுத்ததுக்கப்பறம் இழுவையே இல்லைங்ணா. ஆக்சிலேட்டர் குடுத்தா அணையப் பாத்துச்சு. சோக்கைப் பாதி போட்டாத்தான் ஓடுச்சு, அப்படியே வெச்சு ஓட்டிட்டு இருந்தேன். திடீர்னு கீச்சுன்னு சத்தம் வந்து நின்னுருச்சுங்ணா."

இதில் எல்லாமே இருக்கிறது. சூடான இன்ஜினுக்கு சோக் தேவையில்லை. சோக் போட்டால்தான் ஓடுகிறது என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்று அர்த்தம், அதாவது கலவை ஏழையாக ஓடுகிறது. ஃபில்டர் அடைத்திருக்கலாம், எங்கோ காற்று உள்ளே இழுக்கலாம், கார்புரேட்டர் ஊசி தவறி இருக்கலாம், பெட்ரோலே பெட்ரோலாக இல்லாமலும் இருக்கலாம். பையன் மேல் தப்பு இல்லை, அணைகிற மெஷினைச் சோக் போட்டு ஓட்டி வேலையை முடிக்கத்தான் யாரும் பார்ப்பார்கள். காலையில் நன்றாக ஓடி, ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்தபின் மாறிப்போனது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

பிரித்துப் பார்த்தது

சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாக டார்ச் அடித்தாலே பிஸ்டன் தெரியும். அந்தப் பக்கம் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள், அலுமினியம் வழித்து இழுத்து ரிங்கின் மேல் அப்பியிருந்தது, ரிங் பள்ளத்துக்குள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்டேக் பக்கம் பிஸ்டன் சுத்தமாக இருந்தது. இந்த வித்தியாசம் முக்கியம். ஏர் ஃபில்டர் கிழிந்து மண் உள்ளே போயிருந்தால் இன்டேக் பக்கம்தான் உரசித் தேய்ந்து மங்கலாகியிருக்கும். குளிர்ச்சி இல்லாமல், அதாவது சிலிண்டர் இறக்கைகளில் புல்லும் தூசியும் அடைத்து மொத்தமாகச் சூடாகியிருந்தால், சுற்றிலும் நாலு பக்கமும் கீறல் இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் பிடித்திருந்தால் அது பெரும்பாலும் ஏழைக் கலவை, அல்லது ஆயில் இல்லாமை, அல்லது இரண்டும் சேர்ந்தது. ஏனென்றால் அந்தப் பக்கம்தான் பிஸ்டனுக்குச் சூடு அதிகம், ஆயில் படலம் முதலில் அங்கேதான் போகும்.

பிளக் முனை வெளுத்திருந்தது. நல்ல கலவையில் அது காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். சிலிண்டரைத் தூக்கிவிட்டு கிராங்க் கேஸுக்குள் விரலை விட்டுத் தடவினேன். வழக்கமாக அங்கே விரலில் வழவழவென்று ஆயில் ஒட்டும், மாதக்கணக்கில் ஓடாத மெஷினில்கூட ஒட்டும். இதில் ஈரமாக இருந்தது, பிசுக்கே இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனால் பெட்ரோல் வாசனையைவிட ஸ்பிரிட் வாசனை தூக்கலாக வந்தது.

அடுத்து டேங்க். அதில் மீதி இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் வடித்து மேஜை மேல் அசையாமல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு அடுக்காகத் தெரிந்தது. மேலே 2டி ஆயிலின், அதாவது பெட்ரோலில் கலக்கிற டூ-ஸ்ட்ரோக் ஆயிலின், நீலச் சாயத்தோடு தெளிவான பெட்ரோல். அடியில் நிறமே இல்லாமல், லேசாகக் கலங்கின ஒரு திரவம், இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. கலரைப் பார்த்தாலே புரிந்துவிடும்: சாயம் ஆயிலோடு போகிறது, அடியில் சாயம் இல்லை, அப்படியானால் அடியில் ஆயிலும் இல்லை. டேங்க்குக்குள் இருக்கிற எடை வைத்த ஃபில்டர் எப்போதும் அடியில்தான் கிடக்கும். இன்ஜின் முதலில் உறிஞ்சியது அந்த நிறமில்லாத அடுக்கைத்தான்.

அந்த அடுக்கு எங்கிருந்து வந்தது

நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 2003இல் 5 சதவீதம் என்று தொடங்கியது. 2022இல் 10 சதவீதம் ஆனது, 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 விற்பனைக்கு வந்தது, 2025இல் அதுவே நாடு முழுவதும் பொதுவான பெட்ரோல் ஆகிவிட்டது. கார், பைக் பற்றி நிறையப் பேசுகிறார்கள். தோட்டத்து மெஷின்களைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் எத்தனாலால் அதிகம் அடிபடுவது இவைதான். காரணம், இவற்றின் ஆயில் பெட்ரோலுக்குள்ளேயே வருகிறது. தனி ஆயில் தொட்டி கிடையாது, ஆயில் பம்ப் கிடையாது. கலவை கிராங்க் கேஸுக்குள் போய், பெட்ரோல் ஆவியாகி மேலே எரியப் போக, விட்டுச்சென்ற ஆயில்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் ஊசி பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. நிமிடத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் சுற்று சுற்றுகிற இன்ஜினில் அந்தப் படலம் போனால் அதிக நேரம் தாங்காது.

எத்தனால் தண்ணீரை விரும்பி இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் வரை பெட்ரோலுக்குள்ளேயே கரைத்து வைத்துக்கொள்ளும், வெளியே எதுவும் தெரியாது. அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டு தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். லிட்டருக்கு ஐந்து பத்து மில்லி தண்ணீர் சேர்ந்தாலே, எத்தனால் அளவையும் அன்றைய சூட்டையும் பொறுத்து, இது ஆரம்பித்துவிடும். சூடு குறையக் குறைய கரைத்து வைத்துக்கொள்ளும் திறனும் குறையும், அதனால் பகலில் தெளிவாக இருந்த கேன் ராத்திரி மழைக் குளிரில் பிரிந்துவிடும். தண்ணீர் கொஞ்சம்தான் என்றாலும் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு இறங்குவதால் அடியில் சேர்கிற அடுக்கு, உள்ளே போன தண்ணீரைப் போல் பல மடங்கு இருக்கும். நாம் ஊற்றிய 2டி ஆயில் அந்த எத்தனால் தண்ணீரில் கரையாது, கிட்டத்தட்ட முழுவதும் மேல் அடுக்கிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு இருபது ஊற்றினாலும் நாற்பது ஊற்றினாலும் அடி அடுக்குக்கு ஒன்றுதான்.

தோட்டத்துக்குப் போய் கேனைப் பார்த்தேன். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன், மோட்டார் ரூமில், கூரைத் தகரம் ஒழுகுகிற மூலையில் இருந்தது. அசல் மூடி தொலைந்துபோய் பாலித்தீன் கவரைக் கட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். கவர் நடுவில் குழிந்து அதில் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. பெட்ரோல் கலந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலையில் பையன் ஒழுங்காகக் கேனை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் ஊற்றியிருக்கிறான். குலுக்கினால் பிரிந்தது மறுபடி சேராது, கொஞ்ச நேரத்துக்குக் கலங்கல் போல ஒன்றாகத் தெரியும், அவ்வளவுதான். மெஷின் ஓடுகிற அதிர்வில் அந்தக் கலங்கலாகவே எப்படியோ ஓடியிருக்கிறது. மதியம் மரத்தடியில் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்ததும் டேங்க்குக்குள் தெளிந்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. பையன் சொன்ன கதையோடு இது சரியாகப் பொருந்தியது.

ஆனாலும் மற்றவற்றை விலக்காமல் முடிவுக்கு வரக்கூடாது. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து கிராங்க் கேஸில் அரை பார் காற்று ஏற்றிப் பார்த்தேன், அழுத்தம் அப்படியே நின்றது, அதனால் ஆயில் சீல் வழியாகக் காற்று இழுக்கவில்லை. வேக்கம் வைத்தும் பார்த்தேன், அதுவும் நின்றது. டேங்க் ஃபில்டர் சுத்தம். பெட்ரோல் டியூப் கொஞ்சம் ஊறிப் பருத்திருந்தது, விரிசல் இல்லை. கார்புரேட்டர் டயாஃப்ரம் விறைக்க ஆரம்பித்திருந்தது, அதுவும் எத்தனாலின் வேலைதான், ஆனால் ஒரே மதியத்தில் இழுவையைக் கொல்கிற அளவுக்கு இல்லை. கேனின் மேல் அடுக்கிலிருந்து தனியாகக் கொஞ்சம் எடுத்துத் தட்டில் ஆவியாக விட்டேன், அடியில் வழவழவென்று ஆயில் நின்றது. ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆயில் டப்பாவையும் பார்த்தேன், சீல், பேட்ச் நம்பர் எல்லாம் சரி, தரக்குறியும் சரி.

அதே மோட்டார் ரூமில் எதிர்மாறான ஒரு கதை

அங்கே பழைய மெஷின் ஒன்றும் கிடந்தது, 52 சிசி சீன இன்ஜின், எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே ஒரே மாதிரி இருக்குமே, அந்த வகை. "இதுல இழுவை இல்லைங்க, ஓரமா போட்டுட்டோம்" என்றார். சைலன்சரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் ஓட்டை பாதிக்கு மேல் கார்பனால் மூடியிருந்தது, சைலன்சர் வாயில் இருக்கிற தீப்பொறி வலை முழுக்க அடைத்துக் கருப்புப் பிசினாக இருந்தது. விசாரித்தால், 2டி ஆயில் கிடைக்காத நாட்களில் டிராக்டருக்கு வாங்கி வைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், அதுவும் கைக்கணக்கில் தாராளமாக.

ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில் எரிவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. அதில் தேய்மானத்தைத் தடுக்க, அழுக்கைப் பிடித்து வைக்க என்று உலோகச் சேர்மானங்கள் உண்டு, எரிந்தால் அவை சாம்பலாகப் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். 2டி ஆயில் எரிந்து போவதற்கென்றே செய்தது, பெட்ரோலில் சட்டென்று கரைய மெல்லிய கரைப்பானும் சேர்த்திருப்பார்கள். இந்தப் பழைய மெஷினுக்குப் புதுப் பாகம் எதுவும் தேவைப்படவில்லை. பிஸ்டனை மேலே ஏற்றி ஓட்டையை மூடிய நிலையில் வைத்து, கார்பனை மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, வலையைத் தீயில் காட்டிச் சுத்தம் செய்ததும் இழுவை திரும்பிவிட்டது.

ஒரே மோட்டார் ரூமில் ஒன்று ஆயில் போகாமல் செத்தது, இன்னொன்று கண்ட ஆயிலும் அளவுக்கு மீறிப் போய்த் திணறியது. "எதுக்கும் கூட ஊத்திக்கலாம்" என்கிற வைத்தியம் இரண்டாவது நோயைத்தான் கொண்டு வரும், முதல் நோயைத் தீர்க்காது. இன்னொன்றும் இருக்கிறது: ஆயில் கூட்டினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. 50:1இல், அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால், 98 சதவீதம் பெட்ரோல், 25:1இல் 96 சதவீதம். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஏழையாக ஓடுகிற மெஷினை அது இன்னும் கொஞ்சம் ஏழையாக்கும்.

ஆயில் தேர்வு

டப்பாவில் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பு, அவர்கள் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று வகை பிரித்திருக்கிறார்கள். ஒரு குறிப்பு ஆயிலுக்கு 100 மதிப்பெண் கொடுத்து அதோடு ஒப்பிடுகிற முறை. வழவழப்புக்கு மூன்று வகையும் குறைந்தது 95 வாங்க வேண்டும், அதில் வித்தியாசமே கிடையாது. கடையில் "எஃப்டி போட்டா பிஸ்டன் பிடிக்காது" என்பார்கள், தரக்குறி அப்படிச் சொல்லவில்லை. வேறுபடுவது சுத்தத்திலும் புகையிலும்தான். பிஸ்டனையும் ரிங்கையும் அழுக்கில்லாமல் வைக்கிற திறனில் எஃப்பி 85, எஃப்சி 95, எஃப்டி 125. புகைக்கு எஃப்பி 45, மற்ற இரண்டும் 85. சைலன்சர் அடைப்புக்கு எஃப்பி 45, மற்ற இரண்டும் 90.

இதை வைத்துப் பார்த்தால் தோட்டத்து வேலைக்கு எஃப்டிதான் சரி. பைக் மாதிரி ஏறி இறங்கி ஓடாமல் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுகிற மெஷின், சைலன்சர் சின்னது, வாயில் வலை வேறு. சுத்தம் இங்கே நேரடியாக இழுவை. ஐஎஸ்ஓ குறியில் இதற்குச் சமமானது இஜிடி. எஃப்டி கிடைக்காத ஊரில் எஃப்சி போதும், எஃப்பியைத் தவிர்த்துவிடலாம். ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) டிசி என்று போட்டிருந்தால் காற்றால் குளிர்கிற டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஏற்றது. டிசி-டபிள்யூ3 என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள், அது படகுகளில் தண்ணீரால் குளிர்கிற இன்ஜினுக்கு. கடலோர ஊர்க் கடைகளில் அது சுலபமாகக் கிடைக்கும், விலையும் இறங்கியிருக்கும், படகுக்கு அருமையான ஆயில், ஆனால் பிரஷ் கட்டர் சிலிண்டர் சூட்டுக்கு அது செய்யப்படவில்லை.

மொபெட் காலத்திலிருந்து பெட்ரோல் பங்குகளிலும் ஸ்பேர் கடைகளிலும் விற்கிற சின்ன பாக்கெட் 2டி ஆயிலைப் பலர் கேட்கிறார்கள். பாக்கெட்டில் எஃப்சியும் டிசியும் அச்சிட்டிருந்தால், சீல் உடையாமல் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். லூஸில் ஊற்றித் தருகிற எதையும் வாங்க வேண்டாம்.

எவ்வளவு ஊற்றுவது

50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25, 33:1 என்றால் 30, 25:1 என்றால் 40. ஐந்து லிட்டர் கேனுக்கு முறையே 100, 125, 150, 200. எது என்பதை மெஷினோடு வந்த கையேடுதான் சொல்ல வேண்டும், வெயிலும் ஊரும் முடிவு செய்கிற விஷயம் இல்லை. ஸ்டில் கம்பெனி கையேடுகளில் அவர்களுடைய ஆயிலுக்கு 50:1, வேறு டிசி ஆயிலுக்கு 25:1 என்று இருக்கும். ஹஸ்க்வர்னாவில் சொந்த ஆயிலுக்கு 50:1, மற்றவற்றுக்கு 33:1 என்று பல மாடல்களில் பார்க்கலாம். பிற ஆயிலின் தரத்துக்கு அவர்கள் பொறுப்பேற்க முடியாது என்பதால் கூடுதல் காப்பு வைக்கிறார்கள், அது நியாயம்தான். சீன இன்ஜின்களோடு 25:1, 50:1 கோடு போட்ட கலக்குகிற பாட்டில் வரும். டேங்க்கில் 25:1 ஸ்டிக்கர் இருந்தால் அதையே பின்பற்றுங்கள், அந்த பேரிங்குகளின் தரத்துக்கு அந்தக் கூடுதல் ஆயில் தேவைதான். எஃப்டி ஆயில் போட்டால் 25:1இலும் கார்பன் அடைப்பு மெதுவாகத்தான் வரும், சீசனுக்கு ஒரு முறை வலையைச் சுத்தம் செய்தால் போதும்.

இந்தத் தோட்டத்தில் நல்ல மெஷினுக்கு 50:1, பழையதற்கு 25:1. இரண்டு கேன் வைக்கச் சொன்னேன், கேன் மேல் பெயின்டில் எண் எழுதச் சொன்னேன். ஒரே கேன் போதும் என்று நினைப்பவர்கள் அதிக ஆயில் கேட்கிற மெஷினின் அளவுக்குக் கலக்கட்டும், குறைந்ததற்குக் கலந்தால் ஒன்று கட்டாயம் சாகும். அளக்க மருந்துக் கடையில் கிடைக்கிற ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சைவிட நல்ல கருவி கிடையாது. மூடிக்கணக்கு, கண்கணக்கு வேண்டாம். பாதி பெட்ரோல், அப்புறம் ஆயில், குலுக்கல், மீதி பெட்ரோல், மறுபடி குலுக்கல். ஒவ்வொரு முறை டேங்க்கில் ஊற்றும் முன்பும் ஒரு குலுக்கு.

ஹோண்டா ஃபோர்-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் இருக்கிற தோட்டங்களில் கேன் மாறும் ஆபத்து உண்டு. கலந்த பெட்ரோலை அதில் ஊற்றினால் புகையும், பிளக் கெடும், அவ்வளவுதான். வெறும் பெட்ரோலை டூ-ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் அந்த டேங்க் தீர்வதற்குள் பிஸ்டன் போய்விடும். கேனின் நிறத்தையே மாற்றி வையுங்கள்.

பெட்ரோல்தான் முதல் முடிவு

ஆயிலைப் பற்றி இவ்வளவு எழுதியும், இந்த மெஷினைக் கொன்றது பெட்ரோல்தான், அதனால் முடிவு எடுக்கிற வரிசையில் பெட்ரோல் முன்னால் வர வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மெஷினின் கையேட்டில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது, பெரும்பாலான சின்ன இன்ஜின் கையேடுகளில் அப்படித்தான். பங்கில் கிடைப்பது 20.

உங்கள் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். 100 மில்லி அளவு உருளை ஒன்றில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் ஆயில் கலக்காத பெட்ரோலை 100 கோடு வரை, அதாவது 90 மில்லி. வாயை மூடிக் குலுக்கி, மூடியை மெல்லத் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே வந்துவிடும். இ20 என்றால் கீழே 10ஆக இருந்த கோடு சுமார் 28க்கு ஏறியிருக்கும், 10 சதவீதம் என்றால் 19 பக்கம், எத்தனாலே இல்லை என்றால் 10இலேயே நிற்கும். திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ எதுவும் கூடாது. பங்கில் ஃபில்டர் பேப்பர் வைத்துச் செய்கிற சோதனை வேறு விஷயத்துக்கு, அதில் எத்தனால் தெரியாது. 100 ஆக்டேன் விலை உயர்ந்த பெட்ரோல் வாங்கி வருகிறவர்களும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு ஊற்றுங்கள். இந்த மெஷின்களுக்கு ஆக்டேன் 90 பக்கம் இருந்தாலே போதும், விலை கொடுத்து வாங்குவதன் ஒரே லாபம் எத்தனால் இல்லாமல் இருப்பது, அது உண்மையில் இல்லையா என்று கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது.

தினமும் ஓட்டி அன்றே தீர்க்கிற ஆளுக்கு இ20இல் பிரிகிற பிரச்சினை பெரிதாக வராது. அவருக்கு வேறொன்று உண்டு. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20க்கு சுமார் 13.5 போதும். கார்புரேட்டர் ஓட்டை மாறவில்லை, அதே காற்றுக்கு அதே அளவு திரவம்தான் விடும், ஆக கலவை தானாகவே ஏழையாகிவிடுகிறது. காரில் சென்சார் பார்த்துச் சரிசெய்யும், இங்கே எச் ஊசியை, அதாவது முழு வேகத்தில் போகிற பெட்ரோல் அளவை வைக்கிற கார்புரேட்டர் திருகை, ஆள்தான் கொஞ்சம் திறக்க வேண்டும். காதுக்கணக்கில் செய்யாமல் டேக்கோமீட்டர் (சுற்று வேகம் காட்டுகிற கருவி) வைத்து, நைலான் கயிறு சரியான நீளத்தில் மாட்டிய நிலையில், கையேட்டில் போட்டிருக்கிற உச்ச வேகத்தைத் தாண்டாமல் நிறுத்துங்கள். ஊசியின் மேல் தடுப்பு மூடி இருந்தால் சர்வீஸ் சென்டரில் செய்யச் சொல்லுங்கள்.

மெஷின் என்ன ஆனது

பிஸ்டன், ரிங் புதிது. சிலிண்டர் சுவரில் அப்பியிருந்த அலுமினியத்தை அமிலம் தொட்டுக் கரைத்துப் பார்த்தேன், கீழே இருந்த முலாம் முழுதாக இருந்தது, நகத்தால் தடவினால் எங்கும் தட்டவில்லை. அதனால் சிலிண்டர் மாற்றும் செலவு மிச்சம். முலாம் உரிந்திருந்தால் ஹோனிங் போட்டு, அதாவது சுவரைக் கல்லால் தேய்த்து, சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது இரும்பு சிலிண்டருக்கான வைத்தியம். கிராங்க் பேரிங், ராட் ஊசி பேரிங் இரண்டையும் கழுவி வெளிச்சத்தில் பார்த்தேன், நீலம் பாயவில்லை, ஆட்டமும் இல்லை. டயாஃப்ரம் கிட், பெட்ரோல் டியூப், டேங்க் ஃபில்டர் மாற்றினேன். பழைய டியூபை வைத்துப் புது பிஸ்டன் ஓட்டுவது வீண் துணிச்சல்.

கேனுக்கு ரப்பர் வாஷரோடு மூடி வாங்கியாகிவிட்டது, மூலையிலிருந்து உலர்ந்த பலகை மேல் இடம் மாறியது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குவது, கலந்த தேதியைக் கேனில் எழுதுவது, டேங்க்கில் ஊற்றும் முன் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது, கோடு தெரிந்தாலோ கலங்கியிருந்தாலோ ஊற்றாமல் விடுவது என்று பையனுக்குச் சொல்லியிருக்கிறேன். சோக் போட்டால்தான் ஓடுகிறது என்றால் அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், இது எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு வாரத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்க்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஐடிலில் ஓட்டி அணைக்க வேண்டும். இதில் ஓட்டுகிற பையனைவிட முதலாளிதான் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோட்டத்துக்காரரிடமே சொன்னேன், கேன் மூடி வாங்குவது அவர் கையில்தான் இருக்கிறது.

பிரிந்த பெட்ரோலை என்ன செய்வது என்று அவர் கேட்டார். மேல் அடுக்கை மட்டும் எடுத்து மெஷினில் ஊற்றலாமா என்றால் கூடாது. எத்தனால் போனதால் அதன் ஆக்டேன் இறங்கியிருக்கும், ஆயில் அளவும் இப்போது என்னவென்று தெரியாது. அதைப் பட்டறையில் பாகம் கழுவ வைத்துக்கொண்டேன். அடி அடுக்கைத் தென்னை வேரிலோ கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம், அதிலும் பெட்ரோல் கலந்துதான் இருக்கிறது. மூடி போட்ட தகர டின்னில் ஊற்றி, பழைய இன்ஜின் ஆயில் எடுக்க வருகிறவரிடம் தனியாக, இது என்ன என்று சொல்லிக் கொடுத்தோம். ஆயிலோடு சேர்த்து ஊற்றினால் அவருடைய பீப்பாய்க்கே தீ ஆபத்து.